கீழே விழுந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: அப்பத்தாவின் பாட்டுப் பதிவுகளை எப்படி எடுப்பது?

வைகைக்கரை · திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக உதவி வேண்டும்.

2013ல் வாங்கிய 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வாரம் அது ஓடிக்கொண்டிருந்தபோது கேபிள் காலில் மாட்டி, மேசையிலிருந்து தரையில் விழுந்துவிட்டது. இப்போது செருகினால் விளக்கு எரிகிறது. சில நேரம் ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கிறது. சில நேரம் பத்து நிமிடம் கழித்து ஃபோல்டர் பெயர்கள் மட்டும் வருகின்றன. ஒன்றைத் திறந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் அப்படியே நின்றுவிடுகிறது.

அதில் எங்கள் அப்பத்தா பாடிய பாட்டுகள் இருக்கின்றன. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று 43 பதிவுகள். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர். 2012, 2013 இரண்டு கோடையிலும் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு சின்ன ரெக்கார்டரில் எடுத்தேன். இடம் போதாமல் ரெக்கார்டரில் இருந்ததை அப்போதே அழித்துவிட்டேன். அப்பத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். இன்று இரவு ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாமா?

நெல்லைத்தம்பி · திங்கள், இரவு 10.05

எனக்கும் இதே மாதிரி ‘ஃபார்மட்’ செய்தி வந்தது. செக்டிஸ்க் ஓட்டினேன், அரை மணி நேரத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. தைரியமாக ஓட்டுங்கள்.

பழைய ரேடியோ · திங்கள், இரவு 10.12

தம்பி, ஓட்டாதீர்கள். முதலில் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

சென்னையில் ஒரு டேட்டா ரிகவரி லேபில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எங்களிடம் வந்த டிஸ்குகளில் பல, விழுந்த அன்று பிழைக்கக்கூடிய நிலையில்தான் இருந்தன. விழுந்ததற்கும் எங்கள் கைக்கு வந்ததற்கும் இடையில் வீட்டில் திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்ததில்தான் செத்தன.

நெல்லைத்தம்பி சொல்வது பொய்யில்லை. அவருடைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்திருக்கும். பாதியில் பிடுங்கியதாலோ கரண்ட் போனதாலோ கோப்பு அட்டவணை மட்டும் குழம்பியிருக்கும். அந்த நோய்க்குச் செக்டிஸ்க் நல்ல மருந்து. உங்கள் டிஸ்க் விழுந்தது, அதுவும் சுழன்றுகொண்டிருந்தபோது. அடி தட்டில் பட்டிருக்கலாம், தட்டைப் படிக்கும் ஹெட்டில் பட்டிருக்கலாம். செக்டிஸ்க்கின் வேலை கோப்பு முறையை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் பாட்டுகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. படிக்க முடியாத இடத்தைப் பார்த்தால், ‘இந்தக் கோப்பின் பதிவு கெட்டுவிட்டது’ என்று முடிவு செய்து அட்டவணையிலிருந்தே எடுத்துவிடும். அந்த மாற்றத்தை அடிபட்ட அதே டிஸ்க்கிலேயே எழுதும். மொத்தப் பரப்பையும் சோதிக்கச் சொன்னால் பல மணி நேரம் போட்டு உருட்டும். அடிபட்ட ஹெட் அதைத் தாங்காது.

நாளை பகலில், நிதானமாக, இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள்.

டிஸ்கைச் செருகி இருபது நொடி காதை அருகில் வையுங்கள். சீரான சுழலும் ஒலி மட்டும் கேட்டால் நல்லது. டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் அந்த நொடியே பிடுங்கிவிடுங்கள். அது லேப் வேலை. மெல்லிய பீப் ஒலி வந்து சுழலவே இல்லை என்றாலும் அப்படித்தான். மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

டக் ஒலி இல்லை என்றால் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் கடைசிப் பத்தியைக் குறித்துக்கொண்டு உடனே கழற்றிவிடுங்கள். ‘ஃபார்மட்’ கேட்டால் ரத்து. ஃபோல்டர் எதையும் திறக்க வேண்டாம்.

வைகைக்கரை · செவ்வாய், காலை 11.30

நல்லவேளை, ஓட்டவில்லை ஐயா. டக் ஒலி இல்லை. சீராகச் சுழல்கிறது. நடுவில் ஓரிரு முறை மட்டும் ‘கிர்ர்’ என்று இழுத்துவிட்டு மறுபடி சாதாரணமாகிறது.

05க்கு 18, சி5க்கு 1சி8, சி6க்கும் 1சி8, சி7க்கு 0. முன்னால் நிறைய பூஜ்யங்கள் இருந்தன, அவற்றை விட்டுவிட்டேன். மேலே மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை காட்டுகிறது.

பழைய ரேடியோ · செவ்வாய், பகல் 12.10

ஒரு விஷயம் முதலில். அந்த மென்பொருள் எண்களைப் பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட ‘ஹெக்ஸ்’ முறையில் காட்டுகிறது. 18 என்றால் 24. 1சி8 என்றால் 456.

05 என்பது கெட்டுப்போனதால் டிஸ்கே ஒதுக்கிவிட்டு, கையிருப்பிலிருந்து மாற்று கொடுத்த செக்டர்கள், அதாவது தட்டில் தரவு எழுதும் சின்னக் கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நிறுத்தி வைத்திருப்பவை. உங்கள் கம்ப்யூட்டர் நின்றுபோவது இவற்றால்தான். இந்த இடங்களில் ஒன்றைக் கேட்டதும் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். விண்டோஸும் காத்திருந்து மறுபடி கேட்கும். நீங்கள் கேட்ட ‘கிர்ர்’ அந்த முயற்சியின் ஒலி. சி7 பூஜ்யம் என்பதால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஹெட் இன்னும் படிக்கிறது, தட்டில் அங்கங்கே காயம். வீட்டிலேயே எடுத்துப் பார்க்கக்கூடிய நிலைதான். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்த டிஸ்க் எந்த நிமிடமும் மோசமாகலாம். லேப் செலவு உங்களால் முடியும் என்றால் அதுதான் முதல் வழி. முடியாது என்றால் முறையாகச் செய்வோம். முடிவு உங்களுடையது.

வைகைக்கரை · செவ்வாய், பகல் 1.25

இரண்டு இடத்தில் விசாரித்தேன். இந்த மாதம் என்னால் முடியாத தொகை. டக் ஒலி வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, கடன் வாங்கியாவது லேபுக்குப் போகிறேன். அதுவரை நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

கரிசல் · செவ்வாய், பகல் 2.00

லினக்ஸ் பகுதிக்கு நான் உதவுகிறேன். கட்டளை வரிகளைத் தனிமடலில் அனுப்பிவிடுகிறேன். இங்கே மற்றவர்களுக்கும் புரியும்படி முறையை மட்டும் எழுதுகிறேன்.

கோப்புகளை ஒவ்வொன்றாகக் காப்பி எடுக்கக் கூடாது. மொத்த டிஸ்கையும், முதல் செக்டரிலிருந்து கடைசி வரை, அப்படியே ஒரு இமேஜாக எடுக்க வேண்டும். தேடுவது, திறப்பது, சரிசெய்வது எல்லாம் அப்புறம் அந்த இமேஜில்தான்.

இதற்கு க்னூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது. சாதாரணக் காப்பி கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது அந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாவிப் போகும். நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ‘மேப்’ கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் கோப்பை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

விண்டோஸில் வேண்டாம். செருகியதும் அது ஆன்டிவைரஸ், தம்ப்நெயில் என்று ஆளாளுக்கு டிஸ்கைக் கிண்டும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்யுங்கள். செருகிய டிஸ்கை அது தானாக மவுண்ட் செய்யாது, அதாவது கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காது. உபுண்டு டெஸ்க்டாப் செய்துவிடும்.

இப்போது கவனம். கட்டளையில் மூன்று பெயர்கள் வரும். முதலில் அடிபட்ட டிஸ்க், இரண்டாவது இமேஜ் கோப்பு, மூன்றாவது மேப். முதல் இரண்டும் இடம் மாறினால் அடிபட்ட டிஸ்கின் மேலேயே எழுதிவிடும், அப்புறம் யாராலும் எதுவும் செய்ய முடியாது. டிஸ்கின் அளவையும் மாடல் பெயரையும் பட்டியலில் பார்த்து, ஒரு தாளில் எழுதிவைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்த பிறகு என்டர் தட்டுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய ரேடியோ · செவ்வாய், பகல் 2.20

கரிசல் சொன்னதோடு இன்னும் இரண்டு. புது டிஸ்க் வாங்கும்போது 4 டிபியாக வாங்குங்கள். இமேஜுக்கே ஒரு பிரதி எடுக்க வேண்டிவரும். 2 டிபி போதாது. புது டிஸ்கின் கோப்பு முறை ஃபேட்32வாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுதாது, அதனால் முதலிலேயே லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறைக்கு ஆக்கிவிடுங்கள்.

அடிபட்டதைச் சமதளத்தில் வைத்து, டேபிள் ஃபேன் காற்று படும்படி விடுங்கள். ஓடும்போது தொடவே கூடாது.

மழைக்குருவி · செவ்வாய், மாலை 4.45

இழையின் நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் டிஸ்க் நீங்கள் சொன்ன அந்த டக் டக் ஒலிதான். தங்கையின் கல்யாண வீடியோ மொத்தமும் அதில்தான். கடைக்காரர் அதே மாடலில் பழைய டிஸ்க் ஒன்றின் மின்சுற்றுப் போர்டைக் கழற்றி மாட்டினால் ஓடும் என்கிறார். சரிவரவில்லை என்றால் மூடியைத் திறந்து பார்ப்பாராம். கொடுக்கலாமா?

தேனீ · செவ்வாய், மாலை 5.10

டக் ஒலி வந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று படித்திருக்கிறேன்.

பழைய ரேடியோ · செவ்வாய், மாலை 6.30

தேனீ, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அது வேண்டவே வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து நம் ஊர்க் காற்றுக்கு எடுத்ததும் சில்லென்ற டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அந்த ஈரம் டிஸ்கின் தட்டிலும் படியும். ஹெட் அந்தத் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளியில் நீர்த்துளி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மழைக்குருவி, டிஸ்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள் சகோதரி. இன்றே. ஒவ்வொரு டிஸ்குக்கும் அதன் ஹெட், தட்டு ஆகியவற்றுக்கு ஏற்ற அளவுகளைத் தொழிற்சாலையிலேயே சோதித்துப் பதிந்துவைப்பார்கள். அவற்றில் ஒரு பகுதி போர்டில் இருக்கும் ஒரு சின்ன ரோம் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பை மாற்றி ஒட்டாமல் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பயனில்லை. இன்னொரு விஷயம், டக் ஒலி பெரும்பாலும் போர்டு கோளாறே அல்ல. ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓரத்துக்குப் போய் மோதித் திரும்பும் ஒலி அது. சில போர்ட்டபிள் டிஸ்குகளில் நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும் உள்ளே எழுதுவதெல்லாம் போர்டு வழியாகக் குறியாக்கம் ஆகித்தான் போகும். அசல் போர்டைத் தொலைத்தால் தட்டு முழுசாக இருந்தும் படிக்க முடியாது. கழற்றிய போர்டையும் கேட்டு வாங்குங்கள்.

மூடியைத் திறப்பது சுத்த அறையில்தான். கன அடிக் காற்றில் அரை மைக்ரான் துகள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாங்கள் வேலை செய்த கணக்கு. கடை மேசையில் நடக்கிற காரியம் இல்லை.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சுத்த அறை அவர்களுடையதா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு கட்டணம்? முழுப் பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். யார் யார் இதுவரை என்ன செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அது அவர்களுக்கு உதவும்.

மழைக்குருவி · செவ்வாய், இரவு 7.40

வாங்கி வந்துவிட்டேன். போர்டைக் கழற்றியிருந்தார், மூடியைத் தொடவில்லை. இரண்டும் இப்போது என் கையில். நன்றி ஐயா.

வைகைக்கரை · வியாழன், காலை 6.15

நேற்று மாலை 7 மணிக்கு ஆரம்பித்தேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்க் பெயரை மூன்று முறை படித்தான். விடிகாலை 2 மணி வரை நன்றாகப் போனது, 61 சதவீதம். அப்புறம் வேகம் சரிந்து நொடிக்குச் சில கேபி ஆனது. 2.40க்கு டிஸ்க் காணாமலேயே போய்விட்டது. விளக்கு மட்டும் எரிகிறது. டக் ஒலி இல்லை. எனக்குக் கை நடுங்குகிறது, எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கரிசல் · வியாழன், காலை 6.40

பயப்படாதீர்கள், இது வழக்கமாக நடப்பதுதான். கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு டிஸ்கின் யுஎஸ்பி சர்க்யூட் உறைந்திருக்கும். எடுத்த 61 சதவீதம் புது டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது.

டிடிரெஸ்க்யூவை நிறுத்துங்கள். அடிபட்டதைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். திரும்பச் செருகும்போது அதன் பெயர் மாறியிருக்கும். எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிடி ஆகியிருக்கலாம். பட்டியலை மறுபடி பார்க்காமல் பழைய கட்டளையை அப்படியே தட்டிவிடாதீர்கள்.

இந்த முறை பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு விருப்பம் இருக்கிறது, தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். கெட்ட பகுதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நல்ல இடமெல்லாம் முதலில் வந்துவிடும்.

வைகைக்கரை · வெள்ளி, இரவு 8.20

நான்கு முறை அறுந்து, நான்கு முறை தொடர்ந்தேன். இப்போது மீட்டது 99.98 சதவீதம். பாக்கி 190 எம்பி. இதோடு நிறுத்தலாமா, இன்னும் முயலலாமா?

பழைய ரேடியோ · வெள்ளி, இரவு 8.45

அருமை தம்பி. இப்போதுதான் நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

கெட்ட இடங்களை இனி மூன்று சுற்று முயலுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதற்கு முன் இப்போதிருக்கும் இமேஜையும் மேப்பையும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இந்தச் சுற்றில்தான் டிஸ்குக்கு அடி அதிகம். போனாலும் போகட்டும் என்கிற நிலையில் அதைச் செய்ய வேண்டும்.

வைகைக்கரை · ஞாயிறு, பகல் 12.30

மூன்று சுற்றும் முடிந்தது. பாக்கி 38 எம்பி மட்டும். இமேஜை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் மவுண்ட் செய்தேன். ஃபோல்டர்கள் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தன. 35 பாட்டுகள் பெயரோடு இருக்கின்றன. 8 பாட்டுகள் பட்டியலிலேயே இல்லை.

பழைய ரேடியோ · ஞாயிறு, பகல் 1.00

என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறை ஒவ்வொரு கோப்புக்கும் 1 கேபி அளவில் ஒரு குறிப்பு வைத்திருக்கும். பெயர், தேதி, தட்டில் எங்கே இருக்கிறது எல்லாம் அதில்தான். 4096 பைட் செக்டர் ஒன்று போனால் அடுத்தடுத்த நான்கு கோப்புகளின் குறிப்பு போகும். உங்களுக்கு அப்படி இரண்டு போயிருக்கிறது, அதனால் எட்டு. பாட்டுகள் போயிருக்க வேண்டியதில்லை. விலாசம்தான் தொலைந்திருக்கிறது.

ஃபோட்டோரெக் என்ற கருவியை இமேஜின் மேல் ஓட்டுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, இலவசம். அட்டவணையைப் பார்க்காமல், கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும். வேவ் ஒலிக்கோப்பின் தலையில் அடையாளமும் மொத்த நீளமும் எழுதியிருக்கும், அதனால் துண்டாகாமல் இருந்தால் அழகாக வந்துவிடும். பெயர் மட்டும் வராது. வேவ் வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும்.

அந்த 38 எம்பி எந்தக் கோப்புகளுக்குள் விழுந்தது என்றும் பார்த்துவிடுங்கள். இமேஜின் இரண்டாவது பிரதியில், கெட்ட இடங்களை மட்டும் ஏதாவது ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். டிடிரெஸ்க்யூவே செய்யும். அப்புறம் அந்தச் சொல் எந்தக் கோப்பில் வருகிறது என்று தேடினால் தெரிந்துவிடும். கேட்பதற்கு மட்டும் முதல் இமேஜில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓட்டைகள் பூஜ்யமாக இருக்கும், பூஜ்யம் என்றால் அமைதி. சொல்லால் நிரப்பியதில் இரைச்சல் வரும்.

வைகைக்கரை · செவ்வாய், இரவு 10.15

எட்டும் கிடைத்துவிட்டன. 43ம் கையில் இருக்கின்றன.

அந்த எட்டுக்கும் ஒரு ‘எஃப்’ எழுத்தும் நீண்ட எண்ணும்தான் பெயர். எனக்கே எது எது என்று தெரியவில்லை. மானாமதுரையிலிருந்து அத்தையை வரவழைத்தேன். ஹெட்ஃபோன் அவருக்குப் பழக்கமில்லை, ஸ்பீக்கரில்தான் போட்டோம். முதல் அடி வருவதற்குள் ‘இது பெரிய கண்மாய் நடவுக்குப் பாடுறது’, ‘இது உங்க அய்யா செத்தப்போ பாடுனது’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன பெயரையே கோப்புக்கு வைத்தேன்.

கெட்ட இடம் விழுந்தது மூன்று கோப்புகளில். இரண்டு புகைப்படங்கள், மேல் பாதி இருக்கிறது, கீழே சாம்பல் நிறம். மூன்றாவது ஒரு தாலாட்டு. அதில் சேர்ந்தாற்போல் 12 செக்டர் போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நொடிக்கு 1,76,400 பைட் என்றால் கால் நொடிக்குச் சற்று மேல். ஒரு சொல்லின் நடுவே அப்பத்தாவின் குரல் அற்று, மறுபடி வருகிறது. அந்த இடம் வந்தபோது அத்தை கண்ணை மூடியபடி அந்தச் சொல்லைத் தானே பாடிவிட்டுத் தொடர்ந்து கேட்டார்.

பிரதி ஒன்றை அத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒன்று தம்பியிடம், ஒன்று என்னிடம். கரிசல், பழைய ரேடியோ ஐயா, உங்கள் இருவருக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

கரிசல் · செவ்வாய், இரவு 10.40

படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடிந்தால் அந்தத் தாலாட்டை அத்தை குரலிலும் ஒரு முறை பதிவு செய்துவிடுங்கள்.

மழைக்குருவி · புதன், காலை 9.05

எனக்கும் செய்தி வந்தது. லேபில் ஹெட் மாற்றிப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். தாலி கட்டும் பகுதி இருக்கிறது, வரவேற்பின் பாதி இல்லை. தங்கையிடம் சொன்னேன், போதும் என்றாள்.

வைகைக்கரை · புதன், காலை 9.30

மகிழ்ச்சி சகோதரி.

ஐயா, ஒரு கடைசிக் கேள்வி. பழைய டிஸ்கை என்ன செய்வது?

பழைய ரேடியோ · புதன், காலை 9.50

தூக்கிப் போடாதீர்கள். இனி மின்சாரமும் கொடுக்க வேண்டாம். ஈரம் படாத பையில் போட்டு, மேலே தேதியும் ‘மீட்டாயிற்று, பாக்கி 38 எம்பி’ என்றும் எழுதி, பீரோவில் வையுங்கள். மேப் கோப்பையும் பிரதிகளோடு சேர்த்தே வைத்திருங்கள். என்றாவது கையில் பணம் இருக்கும்போது அந்தக் கால் நொடியை லேபில் கேட்டுப் பார்க்கலாம்.